இரண்டாவது கையெழுத்து

கசாலா கரை
9 ஜூன் 1996

அன்புள்ள நியாலுங்குவுக்கு,

உன் யோபே எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறேன். அதற்கு என் சமையல் காரணமில்லை. கர்த்தருடைய தயவும், பக்கத்து வீட்டு நியாசிம்பா அனுப்பும் மீன் குழம்பும்தான். மரவள்ளிக் களி கிண்டப் பார்த்தேன். துடுப்பு களிக்குள் மாட்டிக்கொண்டது. சட்டியை முழங்காலுக்கு நடுவில் இடுக்கி இழுத்தபோது நியாசிம்பா வேலி வழியாகப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து குழம்போடு களியும் வருகிறது.

தெம்வா எப்படி இருக்கிறாள்? முதல் பிரசவம், பயப்படாமல் இருக்கச் சொல். மாப்பிள்ளை வாட்சனுக்கு என் அன்பு. அவருடைய கால்சட்டையைத் தைத்து முடித்துவிட்டேன். அடுத்த பஸ்ஸில் வரும்.

நீ பஸ் ஏறிய மறுநாள் லாமெக் போய்விட்டான். சேதி உனக்கு வந்திருக்கும். முப்பது வருடச் சிநேகம். ஏரியில் அவன் பிடித்த மீனில் பாதியை நான்தான் தின்றிருப்பேன். ஒன்றாம் தேதி சனிக்கிழமை அடக்கம். நம் போதகர் முந்தாலி எப்போது வந்தார் என்று நினைக்கிறாய்? குழி மூடி, மண்ணைத் தட்டி, பெண்கள் பூ வைத்த பிறகு. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, முழங்கால்வரை புழுதியோடு வந்து நின்றார். ஏன் தாமதம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜெபித்தார். போய்விட்டார். மூப்பர் ஹாரவாதான் அதுவரை சமாளித்தார். அவர் ஜெபித்தால் உனக்குத் தெரியுமே, செத்தவனுக்கே கால் வலிக்கும்.

இன்று ஆராதனையிலும் அதே கதை. பிரசங்கம் பதினைந்து நிமிடம். காகிதத்தைப் பார்த்து வாசித்தார், தலையே நிமிரவில்லை. வந்த புதிதில் ஒரு மணி நேரம் பேசினாலும் பிள்ளைகள்கூட அசையாமல் கேட்டுக்கொண்டிருந்த மனிதர். என் தையல் மிஷினைச் சுற்றி இப்போது இதே பேச்சுதான். சபைகளுக்குப் போதகர்களை அனுப்பும் மேல்சபைக்குக் கடிதம் எழுத வேண்டும் என்கிறார் ஹாரவா. எல்லாரும் ஆமாம் என்கிறார்கள்.

சரி, உனக்கு அங்கே வேலை இருக்கும். பிள்ளை பிறந்ததும் சேதி அனுப்பு.

உன்,
யோபே குமுவெண்டா


லிலோங்வே
20 ஜூன் 1996

என் அன்புள்ள தெம்வா அப்பாவுக்கு,

சமாதானம் உங்களோடு இருப்பதாக. தெம்வா நலம். பிள்ளை இன்னும் வர மனமில்லாமல் இருக்கிறது, உங்களைப் போலத்தான். இங்கே குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது. மாப்பிள்ளை தன் சட்டையைத் தானே இஸ்திரி போடுகிறார். நான் இதை எழுதுவது உங்களுக்குக் குத்திக்காட்ட இல்லை. சும்மா எழுதினேன்.

லாமெக் அண்ணனை நினைத்து இரண்டு நாள் அழுதேன். அவர் இல்லாமல் நீங்கள் சாயங்காலங்களில் என்ன செய்கிறீர்கள் என்று கவலையாக இருக்கிறது. அதனால் ஒரு வேலை தருகிறேன்.

உங்களிடம் இதுவரை சொல்லாத ஒரு காரியம். வியாழக்கிழமைகளில் பெண்கள் ஐக்கியக் கூட்டம் முடிந்து நான் தாமதமாக வருவேனே, எங்கே போயிருந்தேன் என்று நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. போதகர் வீட்டுக்குத்தான். ஈஸ்டருக்குப் பிறகு போதகரம்மா நியாஜேரே ஊரில் இல்லை. அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று அவர் சொன்னார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. போவதற்கு முன் அவளுக்கு விடாத இருமல். வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகளும் அந்த மனிதரும் மட்டும். நான் போய் வீட்டைப் பெருக்கி, இரண்டு நாளைக்கு வருகிற மாதிரி பயறு வேகவைத்து, பெரியவளுக்குத் தலை பின்னிவிட்டு வருவேன். உங்களிடம் சொன்னால் மிஷினடியில் வேடிக்கைப் பேச்சாகிவிடும் என்று சொல்லவில்லை.

இப்போது நான் இல்லை. நீங்கள் போங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள். பெருக்கத் தெரியாவிட்டால் பெருக்க வேண்டாம். பிரசங்கத்தைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேளுங்கள். அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

ஹாரவாவின் கடிதத்தில் நீங்கள் சேர மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

உங்கள் அன்புள்ள,
நியாலுங்கு


கசாலா கரை
1 ஜூலை 1996

அன்புள்ள நியாலுங்குவுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வந்தது. படித்துவிட்டு இரண்டு நாள் முணுமுணுத்தேன். வியாழக்கிழமை ஒரு கூடை சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தூக்கிக்கொண்டு போனேன்.

போதகர் வீட்டுப் பின்பக்கம் தொட்டியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளின் பள்ளிச் சீருடை. என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். முகத்தில் பரீட்சைக்கு வந்தவனைப் போல ஒரு பார்வை.

"பிரசங்கத்தப் பத்திப் பேச வந்தீங்களா மூப்பரே?"

நீ சொன்னது நல்லவேளையாக நினைவிருந்தது. "இல்லீங்கய்யா. சாப்பிட்டீங்களான்னு கேக்க வந்தேன்."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் பேசாமல் இருந்தேன் என்றால் நீ நம்பமாட்டாய், ஆனால் உண்மை. அப்புறம் இன்னும் சாப்பிடவில்லை என்றார். கிழங்கை நானே வேகவைத்தேன். கிழங்கு வேகவைக்க யாருக்கும் தெரியும். நாலு பேரும் உப்பு தொட்டுத் தின்றோம்.

கொடியில் காய்ந்த சீருடையைப் பார்த்தபோதுதான் எனக்கு மனம் பொறுக்கவில்லை. நீலத் துணியில் வெள்ளை நூல் போட்டுத் தைத்திருக்கிறார். அதுவும் மீன் வலை கோர்ப்பது போல ஒரு தையல். பொத்தானுக்குப் பதிலாக ஊக்கு. நம் சபையில் ஒரு தையல்காரன் மூப்பராக இருக்கும்போது போதகர் பிள்ளைகள் ஊக்குக் குத்திப் பள்ளிக்கூடம் போகிறார்கள். எல்லாவற்றையும் மூட்டை கட்டி எடுத்து வந்து, பிரித்துத் தைத்து, விளிம்பை இறக்கி, சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியவள் போட்டுக்கொண்டு முற்றத்தில் மூன்று தரம் சுற்றினாள்.

அன்றைக்குத்தான் அவர் வாய் திறந்தார். நியாஜேரே தன் அம்மா வீட்டில் இல்லை. மலைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். காசநோய். ஆகஸ்ட் பாதிவரை அங்கேயே தங்கி ஊசி போட்டு, அதற்கு மேல் வீட்டில் மாத்திரை. அவள் தங்கச்சி துணைக்கு இருக்கிறாள். இவர் வாரத்தில் மூன்று முறை சைக்கிளில் மலை ஏறி இறங்குகிறார். அதற்கு மேல் ஐந்து கிளைச் சபைகள். வெளியே சொல்லாததற்குக் காரணம் உனக்கே புரியும். நெஞ்சு நோய் என்றால் இந்தக் காலத்தில் ஜனங்கள் மருந்தே இல்லாத வேறொரு நோயின் பெயரைத்தான் சொல்லுவார்கள். லாமெக் அடக்கத்தன்று ஆஸ்பத்திரியில் அவளுக்கு ரத்தம் வந்திருக்கிறது. அங்கிருந்துதான் நேராகக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்திருக்கிறார்.

நியாலுங்கு, இப்போது நான் எழுதப்போவதை உட்கார்ந்துகொண்டு படி. ஹாரவாவின் கடிதம் நான் உனக்கு எழுதுவதற்கு முன்பே, ஜூன் மூன்றாம் தேதியே மேல்சபைக்குப் போய்விட்டது. என் துணி வெட்டும் மேஜைமேல் வைத்துத்தான் எழுதினார்கள். இந்தப் போதகரை மாற்ற வேண்டும் என்று ஏழு பேர் கையெழுத்து. ஹாரவாவுடையது முதலில். இரண்டாவது என்னுடையது. லாமெக்கின் குழி ஞாபகம். அந்தக் கோபத்தில் போட்டேன். உனக்குச் சொல்லாமல் மறைத்தேன். ஜூலை இருபத்தெட்டில் விசாரிக்க ஆள் வருகிறார்கள்.

எழுதிவிட்டேன். இனி நீ எது சொன்னாலும் சரி.

யோபே


கசாலா கரை
14 ஜூலை 1996

அன்புள்ள நியாலுங்குவுக்கு,

பேத்தி பிறந்திருக்கிறாள், தாயும் பிள்ளையும் நலம் என்று பஸ் கண்டக்டர் வந்து சொன்னான். முற்றத்திலேயே மண்டியிட்டு ஸ்தோத்திரம் பண்ணினேன். எனக்கென்று நீ ஏதாவது சொல்லி அனுப்பினாயா என்று கேட்டேன். வாட்சன் ஐயா கால்சட்டை சரியாக இருக்கிறதாம் என்றான். வேறெதுவும் இல்லையா என்றேன். இல்லை என்றான். மூன்று பஸ் வந்து போய்விட்டன. உன் கடிதம் எதிலும் இல்லை.

நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுகிறேன்.

ஹாரவாவிடம் போய் என் பெயரை அடித்துவிடச் சொன்னேன். கடிதம் தன் கையில் இல்லை, மேலே போய்விட்டது என்றார். பெண்டாட்டி அங்கிருந்து ஆட்டிவைக்கிறாளா என்று ஒரு கேள்வியும் சேர்த்துக் கேட்டார். ஆமாம் என்றேன்.

பிறகு போதகரிடம் போனேன். வழியில் இரண்டு தரம் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். கையெழுத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"தெரியும் மூப்பரே. ஜூன் மாசம் நடுவுலயே எனக்கு ஒரு பிரதி அனுப்பிட்டாங்க. ஏழு பேர்ல உங்க எழுத்துதான் படிக்கிற மாதிரி இருந்துச்சு."

அப்படியானால் நான் கிழங்குக் கூடையோடு போய் நின்ற அன்றே அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் என்னோடு ஒரே தட்டில் உட்கார்ந்து தின்றிருக்கிறார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"எழுதினதுல பொய் இல்லையே," என்றார். "பிரசங்கம் நல்லா இல்லதான். எனக்கே தூக்கம் வருது. இன்னும் ஒரு வருஷம் இப்படிப் போனா நானே விட்டுட்டுப் போயிடுவேன்னு நியாஜேரேகிட்ட சொல்லியிருந்தேன்."

நான் என்ன செய்தால் உங்களுக்கு உதவியாக இருக்கும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஒரு ஞாயித்துக்கிழமையாவது என் பொண்டாட்டி பிள்ளைங்களோட பெஞ்சில உக்காந்து, வேற யாராவது பிரசங்கம் பண்ணக் கேக்கணும். பன்னெண்டு வருஷமாச்சு."

மறுநாளே மலைக்கு அப்பால் போய் நியாஜேரேயைப் பார்த்தேன். மெலிந்திருக்கிறாள், ஆனால் கண்ணில் வெளிச்சம் இருக்கிறது. இருமல் நின்றுவிட்டது. விஷயத்தைச் சபைக்குச் சொல்லலாமா என்று கேட்டேன். அவள் உடனே, "சொல்லுங்க மூப்பரே. என் நோயை மறைச்சு மறைச்சு அவர்தான் நோயாளி மாதிரி ஆயிட்டார்" என்றாள்.

சொன்னேன். சொன்னதுதான் தாமதம், ஊரே கிளம்பிவிட்டது. ஒரே நாளில் போதகர் வீட்டுக்கு ஒன்பது சேவல் வந்தது. ஒன்பதும் ஒன்றையொன்று கொத்திக்கொண்டன. சோளமூட்டை, மீன், சோப்பு, யாரோ ஒருவர் ஆட்டுக்குட்டி. வந்தவர் ஒவ்வொருவரும் ஒரு மணி நேரம் ஜெபித்தார்கள். ஹாரவாவின் மனைவி மட்டும் இரண்டு மணி. மூன்றாம் நாள் பெரியவள் என் மிஷினடிக்கு வந்து, "தாத்தா, அப்பா கொல்லைப்பக்கம் போய் ஒளிஞ்சுக்கிட்டாரு" என்றாள்.

நான் போய் வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கொண்டுவந்ததைக் கொடு, பெயரைச் சொல், போய் வா. ஜெபத்தை வீட்டில் போய்ப் பண்ணு, கர்த்தருக்கு அங்கேயும் காது கேட்கும். இப்படியே மத்தியானம்வரை விரட்டினேன். கொஞ்சம் பேர் கோபித்துக்கொண்டார்கள். அவர் நாலு மணி நேரம் தூங்கினார்.

அதன்பிறகு நியாசிம்பா ஒழுங்கு பண்ணினாள். நாளுக்கு ஒரு வீட்டுச் சாப்பாடு, அவ்வளவுதான். துணி துவைக்க இரண்டு பேர். அவர் ஆஸ்பத்திரி போகும் நாளில் பிள்ளைகள் எங்கே சாப்பிடுவது, எங்கே பாடம் படிப்பது என்று எல்லாம் ஏற்பாடு. கிளைச் சபைகளை மூப்பர்கள் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று நான்தான் சொன்னேன். சொன்னவனுக்கே முதலில் விழுந்தது. இன்று காலை சிபாலே கிளைச் சபையில் நான் பிரசங்கம்.

ஒரு வாரம் தயார் செய்தேன். மிஷினை மிதித்துக்கொண்டே மனப்பாடம் பண்ணினேன். மூன்று பகுதி, ஒவ்வொன்றிலும் மூன்று கருத்து. ஏறி நின்றேன். நாற்பது பேர் என்னையே பார்த்தார்கள். முன்வரிசையில் ஒரு கிழவர் கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நியாலுங்கு, எனக்குத் தெரிந்தது எல்லாம் ஏழு நிமிடத்தில் முடிந்துவிட்டது. நான் இந்த உலகத்தைப் பற்றியும் பரலோகத்தைப் பற்றியும் அறுபத்தோரு வருடமாகச் சேர்த்து வைத்தது மொத்தம் ஏழு நிமிடம். மீதி நேரத்துக்குப் பாட்டுப் பாடச் சொன்னேன். ஆறு பாட்டு. திரும்பி வரும்போது சைக்கிளை மிதிக்கக்கூட முடியவில்லை. ஒரு மூட்டை சுமந்தது போல முதுகு வலி.

ஒரு வரியாவது எழுது. பேத்திக்கு என்ன பெயர்?

யோபே


கசாலா கரை
29 ஜூலை 1996

நியாலுங்குவுக்கு,

நேற்று விசாரணைக் குழு வந்தது. மூன்று பேர். ஆராதனை முடிந்ததும் சபையாரை உட்காரச் சொன்னார்கள். இடமில்லாமல் ஜன்னலுக்கு வெளியேயும் நின்றார்கள். போதகரை முன்னால் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவர் கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் கடிதத்தை வாசித்தார். என் மேஜைமேல் நியாயமாக இருந்த அதே வார்த்தைகள் கோயிலுக்குள் கேட்டபோது காது கூசியது. கையெழுத்துப் போட்டவர்கள் எழுந்து நிற்கட்டும் என்றார். ஏழு பேரும் எழுந்தோம். இப்போதும் இதைச் சொல்கிறீர்களா என்று ஹாரவாவிடம் கேட்டார். எழுதியது எழுதியதுதான் என்றார் ஹாரவா. அடுத்தது நான்.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எழுதினது பொய் இல்லீங்க. பிரசங்கம் சின்னதாத்தான் போச்சு. அடக்கத்துக்கு லேட்டாத்தான் வந்தார். ஆனா ஏன்னு எங்கள்ல ஒருத்தரும் கேக்கலை. சாப்பிட்டீங்களான்னுகூட கேக்கலை. நாங்க கேக்காம விட்டதுக்கு ஒரு கடிதம் எழுதுறதா இருந்தா எழுதுங்க. அதுல முதல் கையெழுத்து நான் போடுறேன்."

பிறகு எனக்கு அடுத்து நின்றவர் தன் பெயரை எடுத்துவிடுங்கள் என்றார். அவருக்கு அடுத்தவரும். ஆறு பேரும் சொல்லிவிட்டோம். ஹாரவா மட்டும் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தார்.

தலைவர் போதகரிடம் உமக்கு இங்கே இருக்க விருப்பமா என்று கேட்டார். அவர் எழுந்தார். விருப்பம்தான் என்று தலையை ஆட்டினார். ஜன்னலுக்கு வெளியே நின்ற பெண்கள் பாட ஆரம்பித்துவிட்டார்கள். தலைவர் கையை உயர்த்திப் பார்த்தார், யாரும் நிறுத்தவில்லை, அவரும் சேர்ந்து பாடினார்.

தீர்மானம் இதுதான். போதகர் இங்கேயே இருப்பார். ஆகஸ்ட் மாதம் முழுக்க அவருக்கு ஓய்வு. நியாஜேரே பதினேழாம் தேதி வீட்டுக்கு வருகிறாள். மாதம் முடியும்வரை மூப்பர்கள் முறைவைத்துப் பிரசங்கம். இன்று காலை ஹாரவா என் கடைக்கு வந்தார். மன்னிப்பு, வருத்தம் அந்த மாதிரி எதுவும் இல்லை. மலையடிவாரத்துக் கிளைச் சபைக்கு யார் போகிறார்கள் என்று கேட்டார். அதுதான் இருப்பதிலேயே தூரம். இன்னும் யாரும் இல்லை என்றேன். என் பெயரைப் போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு ஆகஸ்ட் இருபத்தைந்து, நம் பெரிய கோயிலில். போதகர் அன்று மனைவி பிள்ளைகளோடு பெஞ்சில் உட்காரப்போகிறார். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் கேட்கப்போகும் முதல் பிரசங்கம் என்னுடையது. அந்த மனிதருக்கு இன்னும் என்னென்ன சோதனையோ.

உன்னிடமிருந்து கடிதம் வந்து ஐந்து வாரமாகிறது. முப்பத்தொரு வருடத்தில் நீ என்னிடம் இவ்வளவு நாள் பேசாமல் இருந்ததில்லை. மன்னித்துவிடு என்று கேட்கக்கூடக் கூச்சமாக இருக்கிறது. திட்டியாவது எழுது.

யோபே


லிலோங்வே
8 ஆகஸ்ட் 1996

என் அன்புள்ள தெம்வா அப்பாவுக்கு,

ஜூலை ஒன்றாம் தேதிக் கடிதத்தைப் படித்த அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மூன்று கடிதம் எழுதினேன். மூன்றையும் தெம்வா வாங்கிக் கிழித்துவிட்டாள். அம்மா, அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இருக்கு என்றாள். அதன்பிறகு நான் பேனாவைத் தொடவில்லை.

நீங்கள் கையெழுத்துப் போட்டதைவிட, போட்டுவிட்டு ஒன்பதாம் தேதி ஒன்றுமே தெரியாதவர் போல எனக்கு எழுதினீர்களே, அதுதான் என்னைச் சுட்டது. ஒரு மாதம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நினைக்க நினைக்க இன்னொன்றும் தெரிந்தது. நானும் உங்களிடம் மறைத்தவள்தான். வியாழக்கிழமை எங்கே போகிறேன் என்று அத்தனை வாரமும் உங்களுக்குச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பீர்கள் என்று நானே முடிவு பண்ணிவிட்டேன். அந்த இருமல் சாதாரண இருமல் இல்லை என்று எனக்கு உள்ளுக்குள் தெரியும். ஆனாலும் அந்த வீட்டுக்குப் போகிறவள் நான் ஒருத்தி மட்டும்தான் என்பது எனக்குப் பெருமையாக இருந்தது. வாயைத் திறந்திருந்தால் நியாசிம்பா அன்றைக்கே செய்திருப்பாள். நீங்களும் கிழங்குக் கூடையைத் தூக்கியிருப்பீர்கள். லாமெக் அண்ணனின் அடக்கத்தில் ஒருவருக்கும் கோபம் வந்திருக்காது. என்னை மன்னியுங்கள். உங்களை நான் மன்னித்துவிட்டேன். எப்போது என்று சொல்லமாட்டேன். ஏழு நிமிடப் பிரசங்கத்தை வாசித்தபோது தெம்வா சிரித்த சிரிப்பில் பிள்ளை விழித்துக்கொண்டது, அன்றைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேத்திக்கு வெஸி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரில் இருக்கிற கிருபைதானே நம் எல்லாருக்கும் வேண்டியிருந்தது. மூக்கு உங்கள் மூக்கு. அதற்கும் சேர்த்துத்தான் ஜெபித்து வருகிறேன்.

செப்டம்பர் முடியும்வரை இருங்கள் என்று மாப்பிள்ளை சொல்கிறார். இருக்கலாம் என்றுதான் இருந்தேன். உங்கள் கடைசிக் கடிதம் வந்ததும் டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டேன். இருபத்துநான்காம் தேதி பஸ்ஸில் வருகிறேன். பிள்ளை தலை நின்றதும் தெம்வா கூட்டிக்கொண்டு வருவாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் போதகரம்மா பக்கத்தில் உட்காருவேன். நீங்கள் ஏறி நின்றதும் எங்கள் பெஞ்சைப் பாருங்கள், வேறெங்கும் பார்க்க வேண்டாம். பாதியில் மறந்துபோனால் நாங்கள் ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். பிரசங்கம் நன்றாக இருந்தால் வாசலிலேயே எல்லார் முன்னாலும் சொல்வேன். நன்றாக இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்து, களி கிண்டி, மீன் பொரித்து, நீங்கள் வயிறாரச் சாப்பிட்டு முடித்த பிறகு சொல்வேன்.

உங்கள் அன்புள்ள,
நியாலுங்கு